மரபியலாளரும் சாமானியரும்

ஒரு விஞ்ஞானத் துறையில் ஆராய்ச்சி செய்பவரே அத்துறையின் செய்திகளைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமா, அல்லது அந்தப் பொறுப்பை ஆசிரியர்களிடமும் பத்திரிகைக்காரர்களிடமும் விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாமா என்ற கேள்வி எல்லாத் துறைகளுக்கும் பொதுவானதே எனினும், மரபியலில் அது தொடக்க முதலே தனிக் கூர்மையோடு எழுந்திருக்கிறது. வானநூல் வல்லவர் நட்சத்திரங்களைப் பற்றிப் பிழைபட எழுதிவிட்டால் நட்சத்திரங்களுக்கு ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வருகிறது, எது வருவதில்லை என்று எழுதுபவரோ, படிப்பவரின் குலப்பெருமை, திருமணம், பிள்ளைப்பேறு, அயலார்மீது அவர் கொண்ட வெறுப்பு ஆகிய அனைத்திலும் கை வைக்கிறார்.

மெண்டலின் பட்டாணிச் சோதனைகள் 1900இல் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தபின், இத்துறைக்கு இன்று வழங்கும் பெயரை வில்லியம் பேட்ஸன் 1905ஆம் வருஷத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். அதே வருஷத்தில் அவருடைய சகாவான ரெஜினால்ட் பன்னெட் 'மெண்டலிஸம்' என்ற சிறு நூலை வெளியிட்டுவிட்டார். துறைக்குப் பெயர் கிடைத்த ஆண்டிலேயே அதை எளிய முறையில் விளக்கும் புத்தகமும் கடைக்கு வந்துவிட்டது. ஆகவே மரபியலாளர் பேனா பிடிக்கலாமா என்று கேட்பதில் இப்போது பயனில்லை. பிடித்த பேனாவால் எதைச் செய்ய முயன்றார்கள், எது நிறைவேறியது, எது விபரீதமாய் முடிந்தது என்பதையே நாம் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

குடிமகனுக்கு விஞ்ஞானம்

முதலில் நாம் காணும் கட்சி, இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்துப் பிரிட்டனில் உருவானது. விஞ்ஞானம் நாட்டின் நடப்பைத் தீர்மானிக்கும் காலத்தில், அதை அறியாத பிரஜை பெயரளவுக்கே பிரஜை. ஆதலின் அறிந்தவன் சொல்லியே ஆகவேண்டும் என்பது அக்கட்சியின் சாரம். ஜூலியன் ஹக்ஸ்லி 1927இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் தாம் வகித்த பேராசிரியர் பதவியையே துறந்து, ஹெச். ஜி. வெல்ஸுடனும் அவருடைய மகனுடனும் சேர்ந்து 'உயிரின் விஞ்ஞானம்' என்ற பெருநூலை எழுத அமர்ந்தார். லான்ஸ்லாட் ஹாக்பென் 1936இல் வெகுஜனங்களுக்கான கணிதத்தையும் 1938இல் குடிமக்களுக்கான விஞ்ஞானத்தையும் எழுதினார். ஆயினும் இக்கட்சியின் முழு உருவத்தையும், அதன் பலத்தோடு பலவீனத்தையும் சேர்த்துக் காண வேண்டுமானால், ஜே. பி. எஸ். ஹால்டேனிடந்தான் செல்ல வேண்டும்.

ஹால்டேன் பரிணாமத்துக்குக் கணித அஸ்திவாரம் இட்ட மூவரில் ஒருவர்; கூடவே 'டெய்லி ஒர்க்கர்' என்ற கம்யூனிஸ்டுத் தினசரியில் 1937 முதல் ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகளை எழுதியவர். எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் அவர் ஒரு கட்டுரை எழுதி வைத்தார். வெடிகுண்டு, பறவையின் பாட்டு, பாலாடைக்கட்டி என்று படிப்பவர் அறிந்த ஏதாவதொன்றில் தொடங்கி, அங்கிருந்து விஞ்ஞானத்துக்குள் சென்று, அடிக்கடி பழகிய பொருளுக்கே திரும்பி வரவேண்டும் என்பதும், கையெழுத்துப் பிரதியை விஷயம் அறியாத ஒரு நண்பரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் கண்ட உபதேசங்கள்.

அவருடைய ஆராய்ச்சியும் எழுத்தும் ஒன்றையொன்று தழுவி நின்ற இடத்துக்கு, ஹீமோபிலியா என்னும் குருதி உறையாநோய் நல்ல உதாரணம். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஆகவே சமுதாயத்திலுள்ள எக்ஸ் குரோமோசோம்களில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருக்கிறது. நோய்கொண்ட ஆண்கள் பெரும்பாலும் சந்ததியின்றி இறந்த அக்காலத்தில், அந்த மூன்றில் ஒரு பங்கிலுள்ள கெட்ட ஜீன்கள் தலைமுறைதோறும் அழிந்துவந்தன. அப்படியிருந்தும் நோய் மறையவில்லையென்றால், அழிந்த அளவுக்குப் புதிய திரிபுகள் தோன்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று வாதித்து, மனிதனில் ஒரு ஜீன் திரியும் வேகத்தை 1935இல் அவர் மதிப்பிட்டார். பின்னர் அதே தர்க்கத்தை ஐரோப்பிய ராஜவம்சங்களின்மேல் செலுத்தி, விக்டோரியா ராணியின் சந்ததியில் பரவிய அந்நோய் ராணியின் தகப்பனாரிடத்தில் புதிதாய்த் தோன்றிய திரிபாக இருக்கலாம் என்று பொதுவாசகர்களுக்காக எழுதினார். நீல ரத்தம் என்று போற்றப்பட்டதை ஆய்வுப் பொருளாக்கிக் காட்டிய அந்த எழுத்தில் விஞ்ஞானம் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. பிரிக்க வேண்டுமென்று அவர் கருதியதாகவும் தெரியவில்லை.

பிரிக்காததன் விலை 1948இல் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத் வேளாண்மை அகாதமியின் கூட்டத்தில், வாழ்நாளில் பெற்ற குணங்களும் சந்ததிக்கு இறங்கும் என்ற லைஸென்கோவின் கொள்கை அரசாங்கக் கொள்கையாக்கப்பட்டு, மெண்டலிய மரபியல் விலக்கப்பட்டது. மாபெரும் தாவர மரபியலாளரான நிக்கலாய் வவிலாஃப் அதற்கு ஐந்து வருஷம் முன்னரே ஸராதாஃப் சிறையில் மாண்டிருந்தார். சோவியத் நாட்டில் சில காலம் பணியாற்றியவரான ஹெர்மன் மல்லர், தமக்கு அந்நாட்டு அகாதமியில் இருந்த உறுப்பினர் பதவியை உதறினார். ஹால்டேனோ, பி.பி.சி. ஒலிபரப்பிய விவாதத்தில் ஆர். ஏ. ஃபிஷரும் ஸி. டி. டார்லிங்டனும் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசியபோது, வழுக்கி வழுக்கிப் பேசினார். தம் சொந்தத் துறையைப் பற்றிய பிரச்னையிலேயே வாசகனுக்கு நேர்மையாக வழிகாட்டத் தவறியதை, அவருடைய எழுத்தாற்றலில் மயங்கியவர்களும் மறுக்க முடியாது.

கண்காட்சிப் பந்தலில் மெண்டல்

பொதுமக்களுக்கு மரபியல் தெரியாததே தீமைக்கெல்லாம் காரணம் என்று வாதிப்போர், மரபியல் மிகவும் மும்முரமாகப் பிரசாரம் செய்யப்பட்ட காலம் எது என்பதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்து டொபீகா நகரில் 1920ஆம் வருஷத்துக் கண்காட்சியில், உயர்ந்த கால்நடைகளுக்குப் பரிசளிக்கும் இடத்தருகே உயர்ந்த குடும்பங்களுக்கும் போட்டி வைத்தார்கள். கறுப்பும் வெள்ளையுமான கினிப் பன்றிகளைப் பாடம் செய்து பலகையில் வரிசையாகப் பொருத்தி, மெண்டலின் விதியை எவரும் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்படி காட்டுவது இத்தகைய பந்தல்களில் வழக்கமாயிற்று. கல்விப் பணி என்ற அளவில் அதைக் குறை சொல்வதற்கில்லை; படம் தெளிவாக இருந்தது, பார்வையாளர் திரண்டனர், பாடமும் மனத்தில் பதிந்தது. கினிப் பன்றியின் நிறத்திலிருந்து மனிதரின் வறுமைக்கும் குற்றத்துக்கும் ஒரே தாவாகத் தாவியதுதான் கேடு. அந்தத் தாவலைக் கற்றுக்கொடுத்தவர்கள் பாமரர்கள் அல்லர். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் 1910இல் இன மேம்பாட்டுப் பதிவகத்தை நிறுவிய சார்லஸ் டேவன்போர்ட் முதலிய விஞ்ஞானிகளே. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைச் செல்லுபடியாக்கியது; அத்தகைய சட்டங்களின்கீழ் அந்நாட்டில் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளாயினர்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், அது போலி விஞ்ஞானம், உண்மையான விஞ்ஞானம் வந்ததும் ஓடிவிட்டது என்பது. சரித்திரம் இந்தச் சமாதானத்துக்கு முழுவதும் இடம் தரவில்லை. பதினாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் ஒரு பின்னடைவு நோயை, அதாவது கெட்ட ஜீன் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தாலே வெளிப்படும் நோயை, எடுத்துக்கொள்வோம். நோய் வெளிப்படாமல் அதன் ஜீனை ஒற்றையாகச் சுமப்பவர்கள் ஏறக்குறைய ஐம்பதில் ஒருவர் இருப்பார்கள். ஆகவே நோயாளிகள் அத்தனை பேருக்கும் தலைமுறைதோறும் கருத்தடை செய்தாலும், நூறு தலைமுறைகள், அதாவது சுமார் 2,500 ஆண்டுகள், கழிந்தபின் நோய் நாற்பதினாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவுக்கே குறையும். இவ்வகைக் கணக்கைப் பன்னெட் 1917இலேயே போட்டு வெளியிட்டார். வியப்பு என்னவென்றால், அவரே அதைக் கொண்டு இன மேம்பாட்டு இயக்கத்தைக் கைவிடவில்லை. நோயாளிகளை விட்டு, நோயைச் சுமப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார். ஹால்டேன் 1938இல் 'பரம்பரையும் அரசியலும்' என்ற நூலில் அதே கணிதத்தை எதிர்ப்பக்கத்துக்குப் பயன்படுத்தினார். இன வாதத்தைக் கண்டித்து எழுதிய ஹக்ஸ்லியோ 1959இல் பிரிட்டிஷ் இன மேம்பாட்டுச் சங்கத்தின் தலைவரானார். கணக்கு ஒன்றே, முடிவுகள் வேறு வேறு. சரியான செய்தி சரியான அபிப்பிராயத்தைத் தானாகவே பிறப்பிக்கும் என்ற நம்பிக்கை இங்கே, சாமானியரிடத்தில் அல்ல, மரபியலாளரிடத்திலேயே உடைந்துபோகிறது.

சகாக்களின் முகச்சுளிப்பு

எழுதும் விஞ்ஞானியைச் சகாக்கள் மதிப்பதில்லை என்ற பழைய புகாரை நீளமாய் ஆராயத் தேவையில்லை என்று தோன்றுகிறது. பிரிட்டிஷ் ராயல் ஸொஸைட்டி 2006இல் வெளியிட்ட கணிப்பில், அத்தகையோர் மதிப்புக் குறைவாகவே எண்ணப்படுகிறார்கள் என்று கூறியவர்கள் ஐவரில் ஒருவர் அளவே இருந்தனர். பிரான்ஸில் தேசிய ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்களின் நடவடிக்கைகளை வைத்து 2008இல் செய்த ஆய்வு, பொதுமக்களோடு பழகுபவர்களே ஆராய்ச்சியிலும் முன்னணியில் நிற்பதைக் காட்டியது. இவற்றுள் எது காரணம், எது காரியம் என்பது வேறு விஷயம்; சுறுசுறுப்பானவர் இரண்டையும் செய்வார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லாமலும் போகலாம்.

குறையை நிரப்பும் கொள்கையும் அதன் விமர்சகர்களும்

யுத்தத்துக்குப் பிந்திய தலைமுறையில் இக்கேள்வி தனி மனிதரின் எழுத்தார்வத்திலிருந்து ஸ்தாபனங்களின் கொள்கையாக மாறியது. 1985இல் ராயல் ஸொஸைட்டிக்காக 'விஞ்ஞானத்தைப் பற்றிய பொதுமக்களின் புரிவு' என்ற அறிக்கையைத் தயாரித்த குழுவின் தலைவர் வால்டர் பாட்மர், ஃபிஷரிடம் பயின்ற மரபியலாளர். மக்களோடு பேசுவது ஒவ்வொரு விஞ்ஞானியின் கடமை என்று அவ்வறிக்கை அறுதியிட்டுச் சொன்னது. மக்களின் அறிவை அளந்து பார்க்கும் கணிப்புகள் தொடர்ந்தன. பூமி சூரியனைச் சுற்றிவர ஓராண்டு ஆகிறது என்பதைச் சரியாகச் சொன்ன பிரிட்டிஷார் நூற்றுக்கு 34 பேரே என்று 1989இல் வெளியானபோது, பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டனர். சாதாரணத் தக்காளியில் ஜீன் கிடையாது, மாற்றம் செய்யப்பட்ட தக்காளியில்தான் உண்டு என்ற வாக்கியம் பொய் என்று கண்டவர்கள், 1996இல் ஐரோப்பிய நாடுகளில் மூன்றில் ஒரு பங்கினர்தாம்.

இந்த அணுகுமுறைக்கு எதிராகக் கிளம்பிய வாதங்களுள் வலிமையானது, மரபியலுக்கு வெளியிலிருந்து வந்தது. செர்னோபில் விபத்துக்குப் பின் இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் ஆடு மேய்ப்போர்க்கும் அரசாங்க விஞ்ஞானிகளுக்கும் நடந்த பிணக்கைச் சமூகவியலாளர் பிரையன் வின் ஆராய்ந்தார். விபத்தால் படிந்த கதிரியக்கச் சீஸியம் மண்ணில் சீக்கிரம் கட்டுண்டுவிடும், ஆட்டு விற்பனைத் தடை மூன்று வாரங்களில் நீங்கும் என்று விஞ்ஞானிகள் உறுதி கூறினர். அந்தக் கணிப்பு களிமண்ணுக்குப் பொருந்துமேயன்றி, அம்மலைகளின் புளித்த கரிமண்ணுக்குப் பொருந்தாது. சில பண்ணைகளில் தடை 2012 வரையில் நீடித்தது. மேய்ப்பரின் அவநம்பிக்கைக்குக் காரணம் அவர்களுடைய அறியாமை அன்று. விஞ்ஞானி தம் அறிவின் எல்லையைச் சொல்லாமல் விட்டதும், அவர்களுடைய தொழிலறிவைக் கேட்காமல் இருந்ததுமே.

எனினும் இந்த விமர்சனத்தையும் அளவுக்கு மீறி நீட்டிவிட முடியாது. நாற்பது நாடுகளில் நடந்த கணிப்புகளைத் தொகுத்து 2008இல் செய்த ஆய்வில், விஞ்ஞான அறிவுக்கும் விஞ்ஞானத்தின்பால் உள்ள நல்லெண்ணத்துக்கும் சிறிய அளவிலேனும் தொடர்பு உண்டென்றே தெரியவந்தது. மனிதக் கருவைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சி போன்ற தர்மசங்கடமான விஷயங்களிலோ, அறிவு மிகுந்தோரிடம் எதிர்ப்பும் மிகுந்திருக்கக் கூடும் என்பதை முன்னரே பிரிட்டிஷ் கணிப்பொன்று காட்டியிருந்தது. தெரிந்துகொண்டவர் தெளிவாக மறுக்கவும் கற்றுக்கொள்கிறார் போலும். இதைத் தோல்வியென்று கருதுபவர், கல்வியை விளம்பரமாக எண்ணுபவரே.

மரபியலாளருக்குள்ளேயே எழுந்த எதிர்ப்புக் குரல் ரிச்சர்ட் லெவோன்டினுடையது. மனிதரிடையே காணும் மரபு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒவ்வொரு ஜனக்கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று 1972இல் கணக்கிட்ட அவர், 1990இல் கனடா வானொலியில் நிகழ்த்திய மாஸி சொற்பொழிவுகளில் தம் துறை தன்னைப் பற்றித் தானே செய்துகொள்ளும் பிரசாரத்தையே விசாரணைக்கு உட்படுத்தினார். அடுத்த ஆண்டு பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்திய நத்தை ஆராய்ச்சியாளர் ஸ்டீவ் ஜோன்ஸ், அவ்வளவு கடுமையின்றி, ஜீன்கள் எதைச் சொல்லவில்லை என்பதை நகைச்சுவையோடு எடுத்துரைத்தார். இவ்விருவரும் ஹால்டேனின் வாரிசுகளாக இருந்தும், அறிவை வழங்குவதைவிட, வழங்கப்பட்ட அறிவின் வரம்பைக் காட்டுவதே தம் வேலை என்று கொண்டது குறிப்பிடத்தக்க மாறுதல். மறுபுறத்தில், நல்ல எழுத்தாளரும் நோபெல் பரிசாளருமான ஜேம்ஸ் வாட்ஸன் இனங்களின் அறிவாற்றலைப் பற்றித் தம் விஞ்ஞானம் தாங்காத பேச்சுக்களைப் பேசி, 2019இல் தாம் வளர்த்த கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரின் கௌரவப் பட்டங்களையே இழந்ததும் இதே வரலாற்றின் பகுதி.

பட்டாணியில் தொடங்கலாமா?

புத்தகம் படிப்போர் சிலர். பள்ளிப்பாடம் படிப்போர் பலர். ஆதலின் அண்மைக் காலத்தில் விவாதம் வகுப்பறைக்கு நகர்ந்திருப்பது இயல்பே. விஷயம் மிகச் செழிப்பாக இருப்பதும் இங்கேதான். நாக்கை இருபுறமும் மடித்துக் குழல்போல் சுருட்டும் திறனை ஆல்ஃப்ரட் ஸ்டர்ட்டிவன்ட் என்ற தலைசிறந்த மரபியலாளர் 1940இல் பரம்பரைக் குணமாக வர்ணித்தார். 1952இல் ஒரே கருவில் தோன்றிய 33 இரட்டையர் ஜோடிகளைச் சோதித்தபோது, அவற்றுள் 7 ஜோடிகளில் ஒருவருக்கு முடிந்தது, மற்றவருக்கு முடியவில்லை. எளிய மெண்டலியக் குணம் என்ற கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1965இலும் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது கண்டு தமக்கு வெட்கமாயிருப்பதாக ஸ்டர்ட்டிவன்டே எழுதினார். அதன் பின்னும் எத்தனையோ வகுப்புகளில் பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வகுப்பறைக்கு வசதியான உதாரணம் உண்மையைக் காட்டிலும் தீர்க்காயுள் பெற்றது.

மெண்டலின் பட்டாணியே இவ்வகை வசதியான உதாரணமன்றோ என்ற ஐயம் புதிதன்று. 1902இல் ராஃபேல் வெல்டன், கடையில் கிடைக்கும் பட்டாணி ரகங்களின் விதைப் பருப்புகளைப் பச்சையிலிருந்து மஞ்சள்வரை படிப்படியாய் அடுக்கிப் படமெடுத்து வெளியிட்டு, மெண்டல் சொன்னதுபோல் நிறங்கள் இரண்டே பெட்டிகளில் அடங்குவதில்லை என்று வாதித்தார். 1906இல் அவர் அகால மரணமடைந்ததும் அவ்வாதம் பேட்ஸனின் வெற்றி முழக்கத்தில் அமுங்கிப்போயிற்று. நூறாண்டு கழித்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞான சரித்திரகாரரான கிரெகரி ராடிக் குழுவினர், வெல்டனின் வழியில், சூழ்நிலையையும் ஜீன்களின் கூட்டுறவையும் முதலில் வைத்து, பட்டாணியைப் பின்னால் தள்ளிய ஒரு பாடத்தை மாணவர்க்கு நடத்திப் பார்த்தனர். அவ்வாறு பயின்றோரிடம் 'எல்லாம் ஜீனின் செயல்' என்ற எண்ணம் குறைந்தது. மாணவர் தொகை சிறிது. ஒப்பிடப்பட்ட வகுப்புகளும் எல்லா வகையிலும் ஒத்தவை அல்ல. ஆகவே இதை ஒரு தொடக்கமென்று கொள்ளலாமேயன்றித் தீர்ப்பென்று கொள்ள முடியாது.

அமெரிக்காவில் பிரையன் டோனவன் நடத்திய சோதனைகள் இன்னும் கறாரானவை. இனத்தைக் குறிப்பிட்டு நோய்களை விவரிக்கும் பாடப்பகுதிகள், இனங்கள் அடிப்படையிலேயே வேறானவை என்ற நம்பிக்கையை மாணவரிடம் வளர்க்கக் கூடும் என்று அவர் முதலில் காட்டினார். வேறுபாடு கூட்டங்களுக்குள் எவ்வளவு, கூட்டங்களுக்கிடையில் எவ்வளவு என்பதைக் கணக்கோடு கற்பித்தால் அந்நம்பிக்கை குறைகிறது என்று 2019இல் வெளியிட்டார். லெவோன்டினின் 85 சதவீதம் வகுப்பறைக்கு வந்து சேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரிலும் 1988இல் தொடங்கிய டி.என்.ஏ. கல்வி மையம் பள்ளிப் பிள்ளைகளின் கையிலேயே சோதனைக் கருவிகளைக் கொடுத்ததோடு, டேவன்போர்ட் காலத்து இன மேம்பாட்டு இயக்கத்தின் படங்களையும் ஆவணங்களையும் தொகுத்து எவரும் காணும்படி வைத்திருக்கிறது.

இந்திய அத்தியாயம்

1957இல் கல்கத்தாவுக்குக் குடிவந்த ஹால்டேன், விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் உயிரைக் கொல்லாமலும் செய்யக்கூடிய உயிரியலை இந்திய இளைஞர்களுக்கு எடுத்துக்காட்ட முயன்றார்; அவருடைய மாணவர் ஒருவர் ஒரே பவழமல்லி மரத்தின் பூக்களிலுள்ள இதழ்களை நாள்தோறும் எண்ணி, ஒரு செடிக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு உண்டென்று ஆராய்ந்தார். சென்னை 'ஹிந்து'வில் எழுதிய கட்டுரைகளிலும் ஹால்டேன் இத்தகைய விஷயங்களையே பேசினார். லண்டன் கட்டுரைகளில் இருந்த கட்சிக் குரல் இவற்றில் அடங்கி, சொல்லிக்கொடுப்பதைவிடப் பார்க்கச் சொல்லும் குரல் மேலோங்கியிருக்கிறது; அவருடைய எழுத்தில் இன்றும் பழுதின்றி நிற்பது இதுவே என்பது என் அபிப்பிராயம். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், அதே காலத்தில் குட்டைக் கோதுமை ரகங்களை உழவரின் சொந்த நிலத்திலேயே விளைத்துக் காட்டும் செய்முறை விளக்கங்களை நடத்தினார். மரபியலின் பொதுக்கல்வி என்றால் புத்தகமென்றே எண்ணும் மேனாட்டு விவாதங்களில் இவ்வழிக்கு உரிய இடம் இன்னும் கிடைத்ததாகத் தெரியவில்லை. தன் வயலில் கண்ட விளைச்சலை நம்பிய உழவர் மரபியலை நம்பினாரா, விளைச்சலை மட்டும் நம்பினாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

இன்னும் தீராதவை

எடுத்துரைப்பது கடமை என்பதில் இப்போது பெரும்பாலும் ஒருமனப்பாடு உண்டு. அறிவுக் குறையை நிரப்பிவிட்டால் போதும் என்ற கொள்கை தன் பழைய உருவில் நிற்கவில்லை; அதை இடித்தவர்கள் அதன் இடத்தில் வைத்த உரையாடல் என்ற கொள்கையோ, ஆயிரக்கணக்கான ஜீன் வேறுபாடுகளைக் கூட்டி ஒருவருடைய எதிர்காலத்தை எண்ணாகச் சொல்லும் இக்காலத்து ஆய்வுகளுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை இனித்தான் காட்ட வேண்டும். பாடத்திட்ட மாற்றத்துக்கான சான்றுகள் நம்பிக்கை அளிப்பவையாயினும், மாணவரின் மனமாற்றம் தேர்வு முடிந்து எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பது நிறுவப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சங்கடம் அண்மையில் எழுந்திருக்கிறது. பள்ளிப்படிப்பின் நீளத்தோடு தொடர்புடைய ஜீன் வேறுபாடுகளைத் தேடிய ஆராய்ச்சியாளர் குழுவினர், தம் ஆய்வேடுகள் ஒவ்வொன்றோடும் சாமானியருக்கான கேள்வி பதில் ஏடொன்றையும் வெளியிட்டு, இம்முடிவுகளைக் கொண்டு இனங்களை ஒப்பிடக் கூடாது என்று திட்டமாக எச்சரித்து வந்தனர். துறையின் வரலாற்றில் இவ்வளவு கவனத்தோடு எழுதப்பட்ட விளக்கங்கள் அதிகமில்லை. 2022 மே மாதத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கறுப்பு மக்கள் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றவன் விட்டுச்சென்ற பிரகடனத்தில், அக்குழுவின் 2018ஆம் ஆண்டு ஆய்வு மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அதன் பின்னர் மரபியலாளர் சிலர், எச்சரிக்கை ஏட்டைத் தனியே எழுதுவதோடு நில்லாமல், ஆய்வேட்டிலுள்ள படங்களையும் அட்டவணைகளையுமே, தனியே வெட்டியெடுத்தாலும் பொய் சொல்லாதபடி வரைய வேண்டும் என்று வாதிக்கலாயினர். அவ்வாறாயின் பொதுமக்களுக்கான எழுத்து, ஆராய்ச்சி முடிந்தபின் ஓய்வு நேரத்தில் செய்யும் தனிப்பணியாக இராது. சகாக்களுக்கென்று எழுதப்படும் முதல் ஆய்வேட்டின் முதல் படத்திலேயே தொடங்கிவிடும். அதற்கான பயிற்சியை ஆராய்ச்சி மாணவருக்கு எவர், எந்த வகுப்பில் அளிப்பது என்பதற்கு இன்னும் ஏற்பாடு எதுவும் ஒருமுகமாக உருவாகவில்லை.